ஆத்தூர் பஸ்ஸில் போன தாலி

ஐஸ் பெட்டிக்கு வீட்டில் ஒழுங்கான பிளக் பாயிண்ட் கூட இல்லை. ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சொருகினார்கள். ஃப்ரிட்ஜுக்குள் அத்தைக்கென்று அறிவுமதி வாங்கி வைத்த சாத்துக்குடி இருந்தது. இனி அது கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக வருத்தப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

சேலம் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஓடி ஓடி, முதுகெலும்பு தனியாகக் கழன்று எங்கோ கிடப்பது போல் இருந்தது. காலையில் டாக்டர் வந்து, “கூட ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களாம்மா” என்று கேட்டபோதே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் கையெழுத்துப் போட ஆம்பளை தேவைப்படவில்லை. செத்த சேதி சொல்ல மட்டும் தேவைப்படுகிறது. ஆம்புலன்ஸில் சங்ககிரி வந்து சேரும்வரை, அத்தையின் பாதங்கள் ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். உயிரோடு இருந்திருந்தால், “காலை உடு புள்ள, கூச்சமா இருக்குது” என்று அத்தை எட்டி உதைத்திருப்பாள்.

பொன்னாயி அத்தை மதியின் அப்பா தங்கமுத்துவுக்கு அக்கா. இந்த வீட்டின் சுவரும் கூரையும் அவள் தைத்துச் சம்பாதித்தது. தைத்தது என்றால் ஜாக்கெட் இல்லை. லாரித் தார்ப்பாய்.

வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த சில வருஷத்திலேயே அவள் திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை இல்லை என்று அவள் புருஷன் கருப்பண்ணன் இன்னொருத்தியைக் கூட்டி வந்து அடுப்படியில் நிறுத்தினார். அத்தை கொதித்துக்கொண்டிருந்த சோற்றை வடித்து இறக்கி, கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேட்டால், “அவ பசியோட வந்தாளாட்ட இருந்துச்சு, சோத்தக் கொழைய உட்டுட்டு வர முடியுமா” என்பாள்.

வந்தவளைப் பிறந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். மூலையில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. லாரி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தார்ப்பாய்ப் பட்டறையில் போய் நின்றாள். ஆம்பளைகள் மட்டும் வேலை செய்த இடம். பாயைத் தரையில் பரப்பி, அதன் நடுவிலேயே உட்கார்ந்து, மெழுகு தேய்த்த நூலைக் கோணூசியில் கோத்து ஓரம் அடிக்க வேண்டும். வெயிலில் பாய் அடுப்புக்கல் மாதிரி சுடும். சேலைக்கு மேல் தம்பியின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அத்தை அதில் உட்கார்ந்தாள். கடைசியில் அந்தப் பட்டறையே அவளுடையதாயிற்று. அப்பா ஓட்டிய லாரி தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்து அவர் இடுப்பு உடைந்த பிறகு, குடும்பமே அத்தையின் ஊசியில்தான் தொங்கியது.

அதற்காக அத்தையை யாரும் தங்கமான மனுஷி என்று சொல்லிவிட முடியாது. வாய் கூசாது. கந்தல் பாயைக் கொண்டுவந்து ஓசியில் ஒட்டுப்போடச் சொல்லும் டிரைவரை, அவனைப் பெற்றவளிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவாள். திட்டிக்கொண்டே ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிடுவாள். மதி ப்ளஸ் டூ முடித்ததும் மாப்பிள்ளை தேடிய அப்பாவிடம், “கட்டிக்குடுக்கறதுன்னா என்னயும் அவகூடச் சேத்துக் கட்டிக்குடு. பழைய சாமான எத்தன தடவ திருப்பி அனுப்புவாங்கன்னு பாக்கலாம்” என்றாள். அப்பா அன்றோடு அந்தப் பேச்சை விட்டார். மதி காலேஜுக்குப் போனாள். குடும்பத்தில் முதல் டிகிரி. இப்போது ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அந்த டிகிரியால் வீட்டுக்கு இதுவரை ஆன பெரிய உபயோகம், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததைப் படித்து இவர்களுக்குச் சொன்னதுதான்.

வாசலில் சாமியானாவுக்குப் பதில் பட்டறையிலிருந்து ஒரு பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்த டிரைவர்கள்தான் கட்டினார்கள். ஒருத்தன் ஓரத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, “கெழவி கைத்தையலு. பாயி கிழிஞ்சாலும் இது பிரியாது” என்றான். இன்னொருத்தன், “கெழவின்னு சொன்னது கேட்டுச்சு, பொட்டியத் தொறந்துட்டு வந்துரும்” என்றான். மதிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே பாவாயியின் அதிகாரம் தொடங்கியிருந்தது. பாவாயி அப்பாவின் பெரியப்பா மகள். அத்தைக்கு ஓரிரு வயது மூத்தவள். நல்லது கெட்டது எதுவானாலும் இந்தத் தெருவில் அவள் சொல்வதுதான் முறை.

“தண்ணி காய வெச்சாச்சா. மஞ்சள் யாராச்சும் அரைங்க. மசமசன்னு நிக்காதீங்க, அவங்க வந்துட்டிருக்காங்களாம்” என்றவள், கட்டைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அரக்குச் சிவப்பில் ஒரு புதுச் சேலை. கனகாம்பரமும் மல்லியும் சேர்த்துக் கட்டிய பூப்பந்து. குங்குமம். கண்ணாடி வளையல். கடைசியாக ஒரு மஞ்சள் கயிறு, நடுவில் முடிந்த மஞ்சள் கிழங்கோடு.

மதி கயிற்றைப் பார்த்தாள். “இது எதுக்குங்க?”

“எதுக்கா. கொண்டவன் கல்லாட்ட இருக்கறப்ப இவ போறா. மஞ்சக் குங்குமத்தோட போறவ அம்மிணி உங்கத்தை. ஆருக்கு வாய்க்கும் இந்தச் சாவு.”

“எந்தக் கொண்டவன்?”

“இதென்ன கேள்வி. உங்கப்பன் காத்தாலயே வாழப்பாடிக்குப் போன் போட்டாச்சு. வேன் புடிச்சு வாராங்களாம்.”

மதி வெளியே வந்தாள். தங்கமுத்து தார்ப்பாய் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில், இடுப்பு வலிக்காத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நீங்களாப்பா அந்தாளுக்குப் போன் பண்ணுனீங்க?”

“மெதுவாப் பேசு சாமி. கொண்டவனுக்குச் சொல்லாம எப்புடி எடுக்கறது. நாளைக்கு ஒரு பேச்சு வந்துருமில்ல.”

“அத்தை ஆஸ்பத்திரில கெடந்தப்ப சொன்னீங்களா?”

“அப்ப என்னத்துக்குச் சொல்றது.”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்பாவோடு சண்டை போடுவது ஈரத் துணியைக் குத்துவது மாதிரி. கை வலிக்குமே தவிர ஒன்றும் ஆகாது. அவள் திரும்ப உள்ளே போனாள்.

இந்தச் சிவப்புச் சேலையைப் பார்க்கும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கல்யாணத்தின்போது நடந்ததை அம்மா ராசாத்தி அவளிடம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் புதுச்சேலை உடுத்திக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் நின்று செய்வது. கூடப்பிறந்தவளுக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று ஊரறியச் சொல்கிற சீர். தங்கமுத்துவுக்குக் கூடப்பிறந்தவள் பொன்னாயி ஒருத்திதான். ஆனால் வாழாமல் வந்தவள் நிற்கக் கூடாது என்று, பெரியப்பா மகளான பாவாயியை நிறுத்தினார்கள். கல்யாணச் செலவுக்கு ஊசி பிடித்தவள் சமையல் பந்தலில் நின்றிருந்தாள். புதுப்பெண்ணாக உட்கார்ந்திருந்த ராசாத்திக்கு, நாத்தனார் எங்கே என்று கேட்கக்கூட வாய் வரவில்லையாம். அதற்குப் பிறகும் எத்தனையோ கல்யாணம். முகூர்த்தக்கால் நட, சீர்த்தட்டு எடுக்க, மணப்பெண்ணுக்குப் பூ வைக்க என்று எதற்கும் அத்தையைக் கூப்பிட்டதில்லை. “சாம்பாரு ருசி பாக்கறதுதான் எனக்குச் சீரு. அதுல ஒருத்தியும் போட்டிக்கு வரமாட்டா” என்று அவள் சிரிப்பாள். மதிக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் பிடித்ததில்லை.

“உசுரோட இருந்தப்ப ஒரு பூவு வெக்கறதுக்குக் கூப்பிடல. இன்னைக்கு எப்படிங்க சுமங்கலி ஆயிட்டாங்க?” என்றாள் பாவாயியிடம்.

பாவாயி பூப்பந்தைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று மதி எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

“நான் நின்னனே, அந்தச் சீருல. அன்னைக்கு இவ மூஞ்சியப் பாத்தவ நானு, நீ இல்ல. நில்லுன்னு பெரியவங்க சொன்னாங்க, நின்னேன். மாட்டேன்னு சொல்ற தைரியம் அப்ப ஆருக்கு இருந்துச்சு? இத்தன வருசமா இவ நெத்திக்கு நேரா ஒரு குங்குமச் சிமிழ நீட்ட முடியல எனக்கு. இன்னைக்கு முறையிலயே வழி இருக்குது. வெச்சுட்டுப் போறேன். உனக்கு ஏன் அம்மிணி வலிக்குது?”

“நீங்க குடுக்கறது அத்தைக்கு இல்லீங்க. அந்தாளுக்கு.”

“எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாது சாமி. நான் படிக்கல.”

ராசாத்தி வந்து மதியின் முதுகில் கை வைத்து, “உடு கண்ணு. பூ வெக்கட்டும்” என்றாள். சரி, என்னவோ பண்ணுங்கள் என்று மதி விட்டுவிட்டாள். தோற்றது கூட இல்லை. களைத்துப் போனாள்.

பின்கட்டில் சேலைகளைத் திரையாகக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். மதியும் ஒரு சொம்பு ஊற்றினாள். அத்தையின் வலது உள்ளங்கையில் ஊசி தள்ளித் தள்ளிக் காய்த்த இடம் கல் மாதிரி இருந்தது. மஞ்சள் அங்கே ஒட்டவில்லை. விரல் இடுக்கில் இருந்த மெழுகுக் கறுப்பும் போகவில்லை. பாவாயி தேங்காய் நாரை எடுத்தாள். “வேண்டாங்க, அது இருக்கட்டும்” என்றாள் மதி. பாவாயி நாரைக் கீழே போட்டுவிட்டாள்.

கூடத்தில் பெஞ்சைப் போட்டுப் படுக்க வைத்து, சிவப்புச் சேலை சுற்றி, பொட்டு வைத்து, பூவைச் சூட்டியபோது மதி பார்த்தாள். அத்தை அழகாக இருந்தாள். கனகாம்பரம் அவளுக்கு அப்படி எடுத்தது. அதுதான் மதிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இது இவளுக்குப் பிடித்திருக்குமோ, பிடித்திருக்காதோ, அதைக்கூட யாரும் ஒருநாளும் கேட்டதில்லை, தானும் கேட்டதில்லை.

வேன் வந்தது. கருப்பண்ணனை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பெரிய மீசையோடு ஒரு கெட்டவன் வருவான் என்று சின்ன வயதிலிருந்து மதி மனதில் ஒரு படம் வைத்திருந்தாள். வந்தது பல் போன, கைநடுங்குகிற ஒரு கிழவர். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஏமாந்தது போல் இருந்தது. அவரோடு அவர் மகன் சரவணக்குமார், நாற்பதை நெருங்கிய ஆள், வெள்ளைச் சட்டையில் வியர்வை. பிறகு அவர்கள் பங்காளி ஒருவர், தோளில் துண்டு, கையில் மாலை. பேச்செல்லாம் அவர்தான்.

கிழவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று அத்தையின் முகத்தைப் பார்த்தார். அழவில்லை. யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்பது போலப் பார்த்தார். பாவாயி கயிற்றை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். “ஒருக்காத் தொட்டுக் குடுங்க. நான் கட்டிப்போடறேன்.” அவர் தொட்டார். பாவாயி குனிந்து அத்தையின் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். பெண்கள் கும்பிட்டார்கள். சிலர் அத்தையின் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள்.

பங்காளிப் பெரியவர் தொண்டையைச் செருமினார். “நல்லதுங்க. நீங்க முறைய விடாம செஞ்சது எங்களுக்குச் சந்தோசம். வேனு பெருசாத்தான் கொண்டாந்திருக்கோம். இப்ப எடுத்தா பொழுது சாயறதுக்குள்ள வாழப்பாடி போயிரலாம். குழி வெட்டச் சொல்லிட்டுத்தான் வந்தோம்.”

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“எதுக்குங்க குழி?” என்றார் தங்கமுத்து.

“என்னாங்க இப்படிக் கேக்கறீங்க. புருசன் இருக்க, பொண்டாட்டிய உங்க காட்டுலயா பொதைக்கறது. தாலி ஏறின பொணம் எங்க வம்சத்துது. இந்தத் தம்பி சரவணக்குமாருக்குப் பொண்ணு அமையாம தட்டிட்டே போவுது. சாமி கேட்டதுல, வீட்டுக்கு மூத்தவ ஒருத்தி மனசு வெந்து கெடக்கறா, அவளைச் சேத்துக்கங்கன்னு வந்துச்சு. பூவாடைக்காரியா வெச்சு, வருசா வருசம் சேலை எடுத்துப் படைச்சு, குலதெய்வமாட்டம் கும்பிடுவோம். உங்க அக்காவுக்கு அதைவிட என்னா பெருமை வேணும்.”

சரவணக்குமார் தலையைக் குனிந்துகொண்டு, “நல்லா பாத்துக்குவோங்க” என்றான். செத்தவளை எப்படி நல்லா பார்த்துக்கொள்வது என்று மதி யோசித்தாள். உயிரோடு இருந்தவளை அடுப்படியில் வைத்துக்கொள்ள இடம் இல்லாத வீடு. இப்போது சாமி மாடத்தில் இடம் இருக்கிறதாம்.

தான் போட்ட முடிச்சு எங்கே போய் இழுக்கிறது என்று பாவாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. “ஐயோ, நான் இதுக்கா கட்டுனேன்” என்று பெஞ்சுக்குப் பாய்ந்தாள். முந்தானையால் அத்தையின் நெற்றிக் குங்குமத்தை அழிக்கப் போனாள். இன்னொரு கை பூவைப் பிடுங்கப் போனது. “வேண்டாஞ்சாமி, ஒண்ணும் வேண்டாம். எம்பட பொன்னாயி எப்பவும் இருந்தாப்புலயே இருக்கட்டும். அவள உட்டுருங்க.”

மதி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“பூவ எதுக்குங்க எடுக்கறீங்க?”

“பூவும் பொட்டும் இருந்தா அவங்க கொண்டு போயிருவாங்க அம்மிணி.”

அவனுடையவள் என்றால் பூ. நம்முடையவள் என்றால் வெறும் நெற்றி. உயிரோடு இருந்தபோது அத்தைக்குப் போட்ட அதே கணக்கு. இதற்குள்தான் இவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். தூக்கம் இல்லாத தலைக்குள், எப்படியோ, அந்த ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது.

“பழைய தாலி எங்க?” என்று பெரியவர் கேட்டார். பேச்சு கைமீறுவதைப் பார்த்து அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. “தங்கத்துல பொட்டு போட்ட தாலி அது. கழுத்துல காணோம். வித்துத் தின்னுட்டு, இன்னைக்கு எங்ககிட்ட நியாயம் பேசறீங்களா?”

“தொலஞ்சு போச்சுங்க” என்றார் தங்கமுத்து அவசரமாக. வீட்டில் எல்லோருக்கும் அத்தை அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

“தொலையல” என்றாள் மதி.

காலேஜில் சேர்க்க அத்தை கூட்டிப் போன அன்று, சேலம் பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆத்தூர் பஸ் நிற்கும் இடத்தைக் கையால் காட்டினாள். “இங்கதான் புள்ள குடுத்து உட்டேன்.”

“என்னத்த?”

“தாலிய. பேப்பருல மடிச்சு, சணலுப் போட்டுக் கட்டி. கண்டக்டரு, என்னம்மா பொட்டலம், முறுக்கான்னு கேட்டான். ஆமாங்க முறுக்குத்தான், வாழப்பாடி ஸ்டாப்புல டீக்கடைல குடுத்துருங்க, கருப்பண்ணன்னு பேரு சொன்னா வாங்கிக்குவாங்கன்னேன்.”

“தங்கமாச்சே அத்தை. நீங்களே வெச்சிருக்கலாமே.”

“அது அவங்க ஊட்டுப் பொருளு. வெச்சுக்கிட்டா, நாளைக்கு அதச் சாக்கு வெச்சு என்னத்தயாச்சும் கேட்டு வருவாங்க.”

“போய்ச் சேந்துச்சா?”

“ஆருக்குத் தெரியும். கண்டக்டரு முறுக்குன்னு கடிச்சுப் பாத்திருப்பான்.” தட்டுவடைத் தூள் உதட்டில் ஒட்டியிருக்க, அத்தை தோள் குலுங்கச் சிரித்தாள்.

மதி இதைக் கூட்டத்தில் சொன்னாள். சிரிப்பு, தட்டுவடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பஸ், கண்டக்டர், டீக்கடை மட்டும். சொல்லிவிட்டுக் கருப்பண்ணன் பக்கம் திரும்பினாள். “மாமா. வந்துச்சுங்களா, வரலீங்களா?”

மாமா என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூப்பிடுவதற்கு வேறு சொல் இல்லை.

கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “வந்துச்சும்மா” என்றார். “டீக்கடை ஆளு கொண்டாந்து குடுத்தான்.”

“அது எங்க இப்ப?” என்று சரவணக்குமார் கேட்டான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே விளங்கியிருக்க வேண்டும். அவன் குரல் இறங்கிப் போயிற்று. “எங்கம்மா கழுத்துல இருக்கறதாப்பா?”

கிழவர் தலையை ஆட்டினார். “புதுசு செய்யற நெலமை அப்ப இல்லடா.”

தார்ப்பாய் காற்றில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. இதற்குப் பங்காளிப் பெரியவரிடமும் முறை இல்லை.

மதி அலமாரித் தட்டிலிருந்து அத்தையின் கத்தரியை எடுத்தாள். தார்ப்பாய் வெட்டுகிற பெரிய கத்தரி. பிடியில் அத்தை சுற்றிய துணி இன்னும் இருந்தது. பெஞ்சின் பக்கத்தில் குனிந்தாள்.

“சேலை பொறந்த ஊட்டுக் கோடி. பூவும் பொட்டும் பாவாயி அத்தை கொண்டாந்தது. மஞ்சள் எங்க அடுப்படி மஞ்சள். இதுல உங்க கை பட்டது இந்தக் கயிறு ஒண்ணுதானுங்க.”

கயிற்றை வெட்டினாள். கத்தரிக்கு அது ஒன்றுமே இல்லை. நறுக் என்று கூடக் கேட்கவில்லை. மஞ்சள் கிழங்கோடு அதை எடுத்து, பூ வந்த இலையில் வைத்து மடித்து, கருப்பண்ணனின் கையில் கொடுத்தாள்.

“போன தடவ பஸ்ஸுல அனுப்பிச்சாங்க. இப்ப நேருலயே குடுத்தாச்சு.”

யாராவது அறைவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பங்காளிப் பெரியவர் தங்கமுத்துவைப் பார்த்து, “பொட்டப் புள்ளைய இப்படியா பேச விடுவீங்க. நீங்க சொல்லுங்க, உங்க அக்காதான” என்றார்.

தங்கமுத்து நாற்காலியைப் பிடித்து எழுந்தார். எழுந்திருக்க அவருக்கு நேரம் ஆகும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆமாங்க, எங்கக்காதான்” என்றார். “இங்கயே இருக்கட்டுங்க.” அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையைக் கல்யாண மேடையில் சொல்லியிருக்கலாம் என்று மதிக்குத் தோன்றியது. அவருடைய கண்ணைப் பார்த்தாள். அவருக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டாள்.

சரவணக்குமார் அப்பாவின் தோளைப் பிடித்து, “வாப்பா, போலாம்” என்றான். ராசாத்தி குறுக்கே வந்து, “வெயில்ல வந்திருக்கீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க” என்றாள். அவள் அதை முறைக்காகச் சொல்லவில்லை. வந்தவர் யாரானாலும் அவளுக்கு அப்படித்தான். கிழவர் டீ குடித்தார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் அந்த இலைப் பொட்டலம். அதைச் சட்டைப் பையில் வைப்பதா, கீழே போடுவதா என்று தெரியாமல், போகும்போதும் கையிலேயே வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

வேன் போன பிறகு பாவாயி, அழிந்திருந்த பொட்டைச் சரியாக வைத்தாள். ஒரு பக்கம் சரிந்த பூவை ஊக்கு குத்தி நிறுத்தினாள். ராசாத்தி உள்ளே போய் அந்தக் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து, மடித்து, அத்தையின் தலைக்கு அடியில் வைத்தாள். முறையா என்று யாரும் கேட்கவில்லை.

கொள்ளிக்குடம் தங்கமுத்து எடுப்பதென்று பேசினார்கள். நான் எடுக்கிறேன் என்று சொல்ல மதிக்கு வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்கு அந்தச் சண்டைக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. பெண்கள் தெருமுக்கோடு நிற்க வேண்டும் என்றார்கள், நின்றாள். முன்னால் போன லாரிக்காரன் ஒருத்தன் ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தான். சிவப்புச் சேலையும் கனகாம்பரமும் வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் தெரிந்தன.

வீடு கழுவி விட்டார்கள். ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள். மதி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து ஃப்ரிட்ஜின் ஒயரைத் திரும்பச் சொருகினாள். அது ஒரு தடவை உலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அதன்மேலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவாயியும் ராசாத்தியும் எதிரில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“பூவு நல்லா இருந்துச்சில்ல அம்மிணி” என்றாள் பாவாயி.

“ம்.”

“சின்னதுல எங்கூட்டு வேலில பறிச்சு நாந்தான் வெச்சு உடுவேன். அவளுக்குக் கனகாம்பரந்தான் புடிக்கும். மல்லி தல வலிக்குதும்பா. இன்னைக்கு மல்லியும் சேத்துக் கட்டிப்போட்டான் பூக்காரன்.” சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழ ஆரம்பித்தாள்.

அவள் அழுவதை மதி தடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து சாத்துக்குடியை எடுத்தாள். கெட்டுப்போகவில்லை. நகத்தால் உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, முதல் சுளையைப் பாவாயியிடம் நீட்டினாள். கொஞ்சம் புளித்தது. மூன்று பேரும் தின்று முடித்தார்கள்.